டாக்டர் டூம் வில்லனே இல்லைன்னு பையன் சொல்றான், என்ன பதில் சொல்றது?

"அக்கா, என் பையன் பத்தாவது படிக்கிறான். அவனுக்கு இப்போ மார்வெல் காமிக்ஸ்ல வர்ற வில்லன் டாக்டர் டூம்தான் எல்லாம். ராபர்ட் டவுனி ஜூனியர் அந்த ரோல்ல நடிக்கப் போறார்னு 2024ல அறிவிச்சதுலேருந்து பழைய காமிக்ஸையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறான், நோட்டு அட்டை பூரா அந்த இரும்பு முகமூடிதான். 'அவன் வில்லனே இல்லம்மா, அம்மா அப்பா ரெண்டு பேரையும் பறிகொடுத்தவன், தன் நாட்டை நல்லாதான் பார்த்துக்கறான்'னு வாதாடறான். ஒரு சர்வாதிகாரியைப் போய் இப்படித் தலையில தூக்கி வச்சுக்கறானேன்னு எனக்குப் பயமா இருக்கு. படிக்க வேணாம்னு சொல்லிடவா?"
- பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட ஒரு அம்மா

வேணாம்னு சொல்லாதீங்கம்மா. உங்க பையன் சொல்றதுல பாதி உண்மை. அதை நீங்க முதல்ல ஒத்துக்கிட்டாதான் மீதியைப் பத்தி அவன்கிட்ட பேசவே முடியும்.

1962ல ஃபென்டாஸ்டிக் ஃபோர்ங்கற சூப்பர்ஹீரோ காமிக்ஸோட 5வது இதழ்ல ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் டூமைக் கொண்டு வந்தப்போ காலேஜ் விபத்தைப் பத்தி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக் மட்டும்தான். முழுக்கதை 1964ல வந்த ஆண்டு மலர்லதான் வருது. லட்வேரியான்னு ஐரோப்பாவுல ஒரு கற்பனை நாடு, அங்க ஊர் ஊரா அலையற ரோமா ஜனங்கள்ல ஒரு வைத்தியரோட மகன் விக்டர், அவன்தான் பின்னாடி டாக்டர் டூம். அம்மா ஏற்கனவே செத்துட்டாங்க. அந்த ஊர் பிரபுவோட மனைவிக்கு உடம்பு முடியாமப் போய் அப்பாவைக் கூப்பிட்டு விடறாங்க, அவரால காப்பாத்த முடியல, பழி அவர் மேல விழுது, பையனைத் தூக்கிக்கிட்டு பனி மலைக்குள்ள ஓடறார், தன் துணியையெல்லாம் பையனுக்குச் சுத்திவிட்டுட்டு அவர் குளிர்லயே செத்துப் போறார். இதைப் படிச்சுட்டு ஒரு பதினஞ்சு வயசுப் பையன் மனசு கலங்கலைன்னாதான் நான் கவலைப்படுவேன்.

ஆனா அவனை வில்லனாக்கினது இந்தத் துக்கம் இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா அடுத்து நடக்கறதைப் பாருங்க. அவன் மூளையைப் பத்திக் கேள்விப்பட்டு அமெரிக்காவுல ஒரு காலேஜ் ஸ்காலர்ஷிப் குடுத்துக் கூப்பிடுது. அங்க ஒரு மெஷின் கட்டறான். செத்துப்போன அம்மாவோட ஆவியைத் தேடித்தான் அதைக் கட்டினான்னு பின்னாடி எழுதினவங்க சொல்றாங்க. கூடப் படிக்கிற ரீட் ரிச்சர்ட்ஸ், பின்னாடி ஃபென்டாஸ்டிக் ஃபோருக்குத் தலைவனாகப் போறவன், அவனோட பேப்பரைப் பார்த்துட்டு கணக்குல தப்பு இருக்கு, இன்னொரு தடவை சரிபாருன்னு சொல்றான். நல்ல எண்ணத்துலதான் சொல்றான். டூம் கேக்கல. மெஷின் வெடிக்குது, முகம் காயமாகுது, காலேஜை விட்டுத் துரத்தறாங்க. அன்னிக்குலேருந்து அவன் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், இதெல்லாம் ரீட் பண்ணின வேலை. என் கணக்கு தப்புன்னு ஒரே ஒரு வாக்கியம் அவன் வாயில வந்திருந்தா டாக்டர் டூம்னு ஒருத்தனே இருந்திருக்க மாட்டான்.

இந்த முகக்காயத்துலயே ஒரு விஷயம் இருக்கு. விபத்துல வந்தது கன்னத்துல ஒரு சின்னத் தழும்புதான், தன்னைக் குறையே இல்லாதவன்னு நினைக்கறவனால அதைக்கூடத் தாங்க முடியலைங்கறது கர்பியோட எண்ணம். 1985ல அந்தத் தொடரை எழுதி வரைஞ்சுக்கிட்டிருந்த ஜான் பைர்ன் அதை எடுத்துக்கிட்டு, காலேஜை விட்டுப் போனப்புறம் திபெத் துறவிகள் அடிச்சுக் குடுத்த முகமூடி ஆறறதுக்குள்ள டூமே எடுத்து மாட்டிக்கிட்டான், முகம் நிஜமா வெந்து போனது அப்போதான்னு எழுதினார். எனக்கு அந்தக் கதையிலேயே ரொம்ப வலிக்கிற இடம் இதுதான், யாரும் அவனை மாட்டச் சொல்லல.

சரி, பின்னாடி லட்வேரியாவுக்கே ராஜாவானவன் நாட்டை நல்லா பார்த்துக்கறான்னு பையன் சொல்றானே, அதுக்கும் கதையில ஆதாரம் இருக்கு. 1982ல வந்த ஒரு இதழ்ல டூமைத் துரத்திட்டு வந்த புது ராஜா ஜோர்பா நாட்டைச் சீரழிச்சு வச்சிருக்கான், ஜனங்க டூம் இருந்தப்போ நல்லா இருந்தோம்னு புலம்பறாங்க. ஆனா 1969ல வந்த இதழ்களையும் அவனைப் படிக்கச் சொல்லுங்க, அதுல லட்வேரியா ஜனங்க சந்தோஷமா இருந்தே ஆகணும்னு உத்தரவு, ரோபோக்கள் காவல் நிக்குது. சாப்பாடு இருக்கு, சண்டை சச்சரவு இல்ல, ஆனா ராஜாவே உங்க கணக்கு தப்புன்னு சொல்ல அந்த நாட்டுல ஒருத்தருக்கும் உரிமை இல்ல. காலேஜ்ல ரீட் சொன்னதைக் கேக்காதவன் ஒரு நாட்டை ஆண்டா இப்படித்தான் ஆளுவான்.

அவன் பாசம் பொய்யான்னு கேட்டா, இல்லவே இல்ல. 1989ல ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைஞ்ச ஒரு தனி புத்தகத்துல, நரகத்துல மெஃபிஸ்டோங்கற சாத்தான்கிட்ட மாட்டியிருக்கற அம்மாவோட ஆன்மாவை மீட்க மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சைக் கூட்டிக்கிட்டுப் போறான். அங்க ஸ்ட்ரேஞ்சையே காட்டிக்குடுத்து அம்மாவை விடச் சொல்லிக் கேக்கறான், இப்படிப்பட்ட விடுதலை எனக்கு வேணாம்னு மகனையே வெறுத்து ஒதுக்கறாங்க அம்மா, அப்படி மறுத்ததாலயே அவங்க ஆன்மா சுத்தமாகி விடுதலை ஆகுது. அவன் போட்ட திட்டமே அதுதான். அம்மா தப்பிக்கணும்னா அவங்க தன்னை வெறுத்தாலும் பரவாயில்லைன்னு துணிஞ்சிருக்கான்.

அதனால கண்டிக்கறதை விட்டுட்டு ஒரு லீவு நாள்ல 1964 கதையை அவன்கூட உக்காந்து நீங்களும் படிங்க. ரீட் கணக்கு தப்புன்னு சொல்ற பக்கம் வந்ததும், நீ டூமா இருந்தா அந்த நிமிஷம் என்ன பண்ணியிருப்பேன்னு கேளுங்க. கேட்டுட்டு பேசாம இருங்க, அவன் மார்க்கையோ கோபத்தையோ அங்க இழுத்துட்டு வராதீங்க, அப்புறம் இதுவும் ஒரு அட்வைஸ்னு எழுந்து போயிடுவான்.

அதுக்கப்புறம் 2015ல ஆரம்பிச்ச சீக்ரெட் வார்ஸ் படிக்கட்டும். ஜோனதன் ஹிக்மேன் எழுதினது. அதுல உலகங்கள் எல்லாம் அழியறப்போ டூம் மிச்சத்தைச் சேர்த்துக் கட்டி அதுக்குக் கடவுளாவே உக்காந்திருக்கான், ரீடோட மனைவி பிள்ளைங்ககூட அங்க அவன் குடும்பமா இருக்காங்க. 2016 ஜனவரியில வந்த கடைசி இதழான 9வதுல ரீட் நேருக்கு நேரா நின்னு, இந்தச் சக்தி என்கிட்ட இருந்திருந்தா உன்னைவிட நல்லா பண்ணியிருப்பேன்னுதானே நீ நினைக்கிறேன்னு கேக்கறான். டூம் ஆமான்னு ஒத்துக்கறான். அந்தக் கதை முடியறப்போ அவன் முகம் குணமாகியிருக்கு.