மானுக்கு க்ளோவர்: பையில் இருக்கும் படத்தை விடுங்கள், சீட்டைப் படியுங்கள்

கேள்வி: மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் பக்கம் இருக்கிறோம். நண்பர்கள் சேர்ந்து வாங்கிய காட்டு நிலத்தில் மரம் வெட்டிய இடம் அரை ஏக்கர் இருக்கிறது. மான் வேட்டைக்காக அங்கே க்ளோவர் (மான்கள் விரும்பித் தின்னும் மூவிலைத் தீவனப் பயிர்) போட ஆசை. கடையில் எல்லாப் பையிலும் பெரிய கொம்பு மான் படம்தான், விலை மட்டும் ஏகத்துக்கு மாறுகிறது. எதை வாங்குவது?

பதில்: விதை வாங்குவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்யுங்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு மூலமாகவே செய்துகொள்ளலாம். க்ளோவருக்கு மண்ணின் பி.எச். (புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 6-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும், 6.5 என்றால் ரொம்ப நல்லது. மரம் நின்ற நிலம் பெரும்பாலும் புளிப்பாகத்தான் இருக்கும், அதில் எவ்வளவு விலையுயர்ந்த விதை போட்டாலும் இலை மஞ்சளாகி வளராமல் நின்றுவிடும். சுண்ணாம்பு போட்டால் சரியாகும், ஆனால் அது மண்ணில் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் செலவு சுண்ணாம்புக்கு, விதைக்கு அப்புறம்தான்.

இனி வகை. ஈரம் நிற்கிற, கொஞ்சம் கனமான மண் என்றால் வெள்ளை க்ளோவர். பராமரித்தால் மூன்று முதல் ஐந்து வருடம் இருக்கும். அதிலேயே லடினோ என்பது பெரிய இலை, நிறைய தழை, ஆனால் மான்கள் ஓயாமல் அடியோடு கடித்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். நடுத்தர இலை ரகங்கள் தரையில் கொடி ஓடி வேர்விடுவதால் கடியைத் தாங்கும். மான் நெரிசல் அதிகமுள்ள அரை ஏக்கருக்கு நான் நடுத்தர ரகத்தைத்தான் சொல்வேன். மேட்டு மணல் நிலம் என்றால் ஆணிவேர் ஆழமாக இறங்கும் சிவப்பு க்ளோவர், ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். நிலம் பாதி அப்படி பாதி இப்படி என்றால் இரண்டையும் கலந்து போடுங்கள், அரை ஏக்கருக்கு வெள்ளை 2 பவுண்டு, சிவப்பு 3 பவுண்டு போதும்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். பையோடு ஒட்டியோ தைத்தோ ஒரு சீட்டு இருக்கும். அதில் சுத்த விதை எத்தனை சதவீதம், முளைப்புத்திறன் எவ்வளவு, களை விதை எவ்வளவு, எந்த மாதம் பரிசோதித்தது என்று எல்லாம் இருக்கும். பூச்சு பூசிய விதையில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதி எடைகூட அந்தப் பூச்சுதான். சுத்த விதை 64, பூச்சு 34, முளைப்பு 90 சதவீதம் என்று சீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், 10 பவுண்டு பையில் முளைக்கக்கூடிய விதை 5.76 பவுண்டுதான். விலையை அந்த எடையால் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்று உடனே தெரிந்துவிடும். "பிற பயிர்" என்ற வரியையும் விடாதீர்கள், மான் படம் போட்ட சில கலவைகளில் விலை குறைந்த ரைகிராஸ் புல்தான் பாதிக்கு மேல் இருக்கும், அது க்ளோவரை அமுக்கிவிடும்.

பூச்சில்லாத விதை வாங்கினால் ரைசோபியம், அதாவது வேர் முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணுயிர், கலக்க வேண்டும். ஊரில் உளுந்து விதைக்கு ஆறிய கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்வார்களே, அதே முறைதான். ஆனால் உளுந்துக்கோ குதிரைமசாலுக்கோ உள்ள ரைசோபியம் இதற்கு உதவாது, க்ளோவருக்கு என்றே விற்பதை, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அதைப் போட்டுவைக்காதீர்கள்.

உங்கள் இடத்துக்கு என் யோசனை இது. ஆகஸ்ட் கடைசியில் சருகை வாரி மண்ணைத் திறந்து, சுண்ணாம்பு போட்டு, குளிர்கால ரை தானியம் (ரைகிராஸ் புல் அல்ல) 30 பவுண்டு விதையுங்கள். ரை புளிப்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், நவம்பர் 15-ல் தொடங்கும் துப்பாக்கி வேட்டை சீசனுக்குப் பச்சையாக நிற்கும். பிறகு மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், அதன் மேலேயே க்ளோவரைத் தூவிவிடுங்கள். மண் வெடித்து மூடும்போது விதை தானே உள்ளே இறங்கும். கலப்பை வைத்துப் புதைக்க வேண்டாம், கால் அங்குலத்துக்குக் கீழே போனால் இந்தப் பொடி விதை மேலே வராது.

கேள்வி: ஜார்ஜியாவில் இருக்கிறோம். இங்கே கிரிம்சன் க்ளோவர்தான் எல்லோரும் போடுகிறார்கள். அதுவே போதுமா?

பதில்: கிரிம்சன் ஒரு வருடப் பயிர். செப்டம்பர், அக்டோபரில் விதைத்தால் சுலபமாக வரும், வசந்தத்தில் சிவப்பாகப் பூத்து வெயில் ஏறும்போது காய்ந்துவிடும். இலையுதிர் காலத்தில் மெதுவாகத்தான் வளரும் என்பதால் வேட்டை சீசனில் மான்களை இழுக்க அதோடு கோதுமை அல்லது ஓட்ஸ் சேர்த்துப் போடுங்கள். தாழ்வான, ஈரமான துண்டு இருந்தால் அங்கே மட்டும் டுரானா போடலாம், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உருவான வெள்ளை க்ளோவர் ரகம் அது, தெற்கு வெயிலையும் கடியையும் தாங்கும்.

கேள்வி: மிச்சிகனில் மானுக்கு இரை வைப்பது குற்றம் என்கிறார்கள். க்ளோவர் போடுவதும் அதில் சேருமா?

பதில்: சேராது. மிச்சிகனின் தெற்குப் பாதியான கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் இரை வைக்கத் தடை இருக்கிறது, மான்களைத் தாக்கும் தீராத மெலிவு நோய் ஒரே இடத்தில் கூடித் தின்னும்போது பரவும் என்பது அதற்கு முக்கியக் காரணம். நிலத்தில் விதைத்து வளர்ந்து நிற்கும் பயிர் வேறு. ஆனால் சோளத்தையோ வேறெதையோ வெளியிலிருந்து கொண்டுவந்து அதே நிலத்தில் கொட்டினால் குற்றம்தான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், சீசனுக்கு முன் இயற்கை வளத் துறையின் அந்த வருட விதிகளைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: பென்சில்வேனியாவில் போன வருடம் போட்ட வெள்ளை க்ளோவரைப் புல் மூடுகிறது. மறுபடி விதைக்கவா?

பதில்: இப்போதே வேண்டாம். யூரியா போன்ற தழைச்சத்து உரம் போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், அது புல்லைத்தான் வளர்க்கும். க்ளோவர் தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் தானே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண் பரிசோதனை சொல்லும் அளவுக்குப் போடுங்கள். களை உயரும்போது கோடையில் இரண்டு மூன்று முறை மேலாக வெட்டிவிடுங்கள், கடும் வறட்சியில் மட்டும் வெட்ட வேண்டாம். அதற்கும் புல் அடங்காவிட்டால் கிளெத்தோடிம் என்ற களைக்கொல்லி புல்லை மட்டும் கொல்லும், லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். கூடவே மூன்றடி அகலத்தில் ஒரு கம்பி வலைக் கூண்டை நிலத்தின் நடுவில் நட்டுவையுங்கள். கூண்டுக்குள் க்ளோவர் நன்றாக உயர்ந்தும் வெளியே தரையோடும் இருந்தால் விதையில் குறை இல்லை, நிலத்தின் அளவுக்கு மான் அதிகம்.