என் மகன் ஈகிள் ஸ்கவுட் ஆக, பெற்றோராக நாங்கள் எவ்வளவு உதவலாம்?

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் உச்ச ரேங்க் ஈகிள் ஸ்கவுட். மகனுக்குப் பதினைந்தரை வயது, ஃபர்ஸ்ட் கிளாஸ் ரேங்க் வாங்கி ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறான், காலேஜ் விண்ணப்பம் போடுவதற்குள் ஈகிள் முடித்துவிட முடியுமா, நாங்கள் எந்த அளவுக்கு இறங்கி வேலை செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில், முடியும். இரண்டாவதற்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். காலண்டரைப் பாருங்கள், காரை ஓட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஒரு ட்ரூப்பில் (சாரணர் குழுவில்), லைஃப் ரேங்கிலிருந்து ஈகிளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிற பொறுப்பில் இருக்கிறேன். நம்மூர்க் குடும்பங்களையும் நிறையப் பார்க்கிறேன். பிள்ளைக்குத் திறமை போதாமல் ஈகிள் நழுவிப் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. தேதியைக் கவனிக்காமல் விட்டதால் நழுவியதுதான் அதிகம்.

அதனால் முதலில் கணக்கு. ஃபர்ஸ்ட் கிளாஸுக்குப் பிறகு ஸ்டார், லைஃப், ஈகிள் என்று மூன்று படி பாக்கி. ஸ்டாருக்கு 4 மாதம், லைஃபுக்கு 6 மாதம், ஈகிளுக்கு 6 மாதம் என்று ஒவ்வொரு ரேங்கிலும் இருந்தே ஆக வேண்டிய காலம் உண்டு. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதைச் சுருக்க முடியாது. மொத்தம் 16 மாதம். உங்கள் மகன் இந்த வாரமே வேகமெடுத்தால்கூட 16 வயது 10 மாதத்துக்கு முன்னால் ஈகிள் கிடையாது. நல்ல வேளை, ஃபர்ஸ்ட் கிளாஸாக இருந்த அந்த ஒரு வருடத்தில் ட்ரூப்பில் ஏதாவது பொறுப்பு வகித்து, ஒழுங்காகக் கூட்டங்களுக்கும் போயிருந்தால் அந்த முதல் 4 மாதம் ஏற்கெனவே கழிந்திருக்கும். ட்ரூப்பை நடத்துகிற பெரியவரான ஸ்கவுட்மாஸ்டரிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். லைஃப் ரேங்க் எப்படியும் பதினேழரை வயதுக்குள் கைக்கு வந்திருக்க வேண்டும். 18ஆவது பிறந்தநாளுக்குள் பேட்ஜ்கள், சேவை பிராஜெக்ட், ஸ்கவுட்மாஸ்டருடன் உட்கார்ந்து பேசுவது எல்லாம் முடிந்தாக வேண்டும். கடைசியில் வரும் போர்டு ஆஃப் ரிவ்யூ என்கிற நேர்காணல் மட்டும் பிறந்தநாளுக்கு அப்புறம் நடக்கலாம்.

பொறுப்பு என்றேன் இல்லையா, அதில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. பேட்ரோல் லீடர், ஸ்க்ரைப், குவார்ட்டர்மாஸ்டர், டென் சீஃப் எல்லாம் கணக்கில் சேரும். அசிஸ்டென்ட் பேட்ரோல் லீடர் சேராது. பியூக்ளர் (ஊதுகொம்பு ஊதுகிறவர்) ஸ்டாருக்கும் லைஃபுக்கும் சேரும், ஈகிளுக்குச் சேராது. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு.

அடுத்து மெரிட் பேட்ஜ், அதாவது ஒவ்வொரு துறையிலும் வேலை செய்து காட்டி வாங்குகிற பேட்ஜ். மொத்தம் 21 வேண்டும். ஸ்டாருக்கு 6, லைஃபுக்குள் 11, ஈகிளுக்குள் 21. இதில் கணிசமானவை கட்டாயப் பட்டியலிலிருந்து வர வேண்டும். பட்டியல் அவ்வப்போது மாறுவது வழக்கம். சமையல் 2014இல்தான் கட்டாயமானது. அதனால் அண்ணன்மார்களின் பழைய கையேட்டைப் பார்க்காமல் இந்த வருடத்துப் பட்டியலைப் பாருங்கள். பேட்ஜ் வேலையைத் தொடங்க எந்த ரேங்கும் தேவையில்லை. ஸ்டார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பதினேழு வயதில் கழுத்தைப் பிடிக்கிற பேட்ஜ்கள் எல்லாம் கடினமானவை அல்ல, நாள் பிடிக்கிறவை. பெர்சனல் ஃபிட்னஸில் 12 வார உடற்பயிற்சிப் பதிவு கேட்பார்கள். பெர்சனல் மேனேஜ்மென்ட்டில் 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும். ஃபேமிலி லைஃபில் 90 நாள் வீட்டு வேலை. மூன்றையும் ஒரே கோடை விடுமுறையில் ஒன்றாகத் தொடங்கினால் ஸ்கூல் திறந்து கொஞ்ச நாளில் மூன்றும் முடிந்திருக்கும். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கினால் எந்தக் கடவுளும் காப்பாற்ற மாட்டார். கேம்பிங் பேட்ஜுக்கு 20 இரவு வேண்டும், அதுவும் ஸ்கவுட் நிகழ்ச்சியாகவே இருக்க வேண்டும். நீங்கள் குடும்பத்தோடு யோசெமிட்டி போய்க் கூடாரம் போட்டது சேராது. ஒரு வாரச் சம்மர் கேம்ப்பில் அதிகபட்சம் 6 இரவுதான், அதுவும் ஒரே ஒரு கேம்ப்புக்குத்தான் கணக்கு. மீதி 14 இரவும் வார இறுதிகளில் சேர வேண்டும். சனிக்கிழமை பாட்டு கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி என்று இருக்கிற வீடுகளில் இந்த 14தான் பிரச்சினையே. இங்கேதான் நீங்கள் உதவ வேண்டும். கேம்ப் இருக்கிற வார இறுதியில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

நீச்சல் வராத பிள்ளை பயப்பட வேண்டாம். ஸ்விம்மிங், ஹைக்கிங், சைக்கிளிங் மூன்றில் ஒன்று போதும். ஆனால் ஹைக்கிங்கில் ஒரே நாளில் 20 மைல் நடக்கிற நடை ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் நீச்சல் கிளாஸில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பாதியில் நிற்கிற பேட்ஜ் காலாவதி ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 18 வயது வரை அது செல்லும். பேட்ஜ் வேலையைப் பதிவு செய்கிற அந்த நீல அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள்.

சரி, பிராஜெக்டுக்கு வருவோம். நம்மவர்கள் அளவுக்கு மேல் கை வைக்கிற இடம் இதுதான்.

இங்கே பல வீடுகளில் ஈகிள் பிராஜெக்டை அரங்கேற்றம் மாதிரி நடத்தப் பார்க்கிறார்கள். மண்டபம், அழைப்பிதழ், சாப்பாடு எல்லாம் அப்பா அம்மா பொறுப்பு, பிள்ளை வந்து ஆடினால் போதும். பிராஜெக்டில் அந்த மண்டபம் பிடிக்கிற வேலைதான் தேர்வே. விதி சொல்வது, பிள்ளை ஒரு சேவைத் திட்டத்தைத் திட்டமிட்டு, உருவாக்கி, மற்றவர்களை வழிநடத்த வேண்டும் என்பது. ஆணி அடிக்கிறவர் யாராகவும் இருக்கலாம். எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்கிறவன் அவனாக இருக்க வேண்டும்.

ஒரு அப்பா, நல்ல பொறியாளர், மகனுடைய திட்டத்துக்கு வண்ண வண்ணமாக எக்செல் அட்டவணை போட்டுக் கொடுத்தார். ட்ரூப்புகளுக்கு மேலே உள்ள ஸ்கவுட் அமைப்பான டிஸ்ட்ரிக்ட்டில் அனுமதி தருகிறவர் பையனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "மழை பெய்தால் என்ன செய்வாய்?" பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அட்டவணையில் அதற்கும் ஒரு வரிசை இருந்தது, பாவம், அவன் அதைப் படித்திருக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை அவனே கையால் எழுதிக்கொண்டு வந்த இரண்டு பக்கம் உடனே ஒப்புதல் வாங்கியது.

பயன் பெறுவது ஒரு பள்ளியாகவோ, மத நிறுவனமாகவோ, சமூகமாகவோ இருக்க வேண்டும். வணிக நிறுவனத்துக்குச் செய்யக் கூடாது, ஒரு தனி மனிதருக்காகப் பொதுவாகச் செய்வதில்லை, ஸ்கவுட் அமைப்புக்கே செய்துகொள்ளவும் கூடாது. கோயிலுக்குச் செய்யலாம். வாசலில் செருப்பு வைக்கிற அலமாரி செய்து கொடுத்த பிள்ளைகள் பல ஊர்களில் இருப்பார்கள். தமிழ்ப் பள்ளி நூலகத்தை ஒழுங்கு செய்து பட்டியல் போடுவதும் நல்ல யோசனை. எதையாவது கட்டித்தான் ஆக வேண்டும் என்று விதி இல்லை. வெறும் நிதி திரட்டலை மட்டும் பிராஜெக்ட் என்று காட்ட முடியாது, வழக்கமான பராமரிப்பு வேலையும் பொதுவாக ஆகாது. கோயில் வளாகத்தைப் பெருக்குவது புண்ணியம்தான், ஈகிள் பிராஜெக்ட் இல்லை.

வேலை தொடங்குவதற்கு முன்பு நான்கு தரப்பின் கையெழுத்து வேண்டும்: பயன் பெறும் அமைப்பு, ஸ்கவுட்மாஸ்டர், ட்ரூப் கமிட்டி, டிஸ்ட்ரிக்ட் அல்லது அதற்கும் மேலே உள்ள வட்டார அமைப்பான கவுன்சில். இது முடியும் முன் மரம் வாங்கக்கூடப் போகாதீர்கள். வெளியாட்களிடம் பணமோ பொருளோ கேட்பதாக இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம். பெற்றோர், உறவினர், ட்ரூப், பயன் பெறும் அமைப்பு இவர்களே கொடுத்தால் அது தேவையில்லை. மிச்சப் பணம் பயன் பெறும் அமைப்புக்குப் போகும்.

நூறு மணி நேரம் வேலை செய்தாக வேண்டும் என்று ட்ரூப்பில் யாரோ சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. எத்தனை மணி நேரம் ஆனது என்று படிவத்தில் கேட்பது புள்ளிவிவரத்துக்காக. உதவிக்கு ஸ்கவுட்டைத் தவிர குறைந்தது இரண்டு பேர் இருந்தால் போதும், அவர்களும் ஸ்கவுட்டாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாகவே, விதியில் இருப்பதைக் கூட்டவோ குறைக்கவோ எந்த ட்ரூப்புக்கும் கவுன்சிலுக்கும் அதிகாரம் இல்லை. இதை 'கைட் டு அட்வான்ஸ்மென்ட்' கையேட்டில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். யாராவது புதிதாக ஒன்று சொன்னால், சண்டை போடாமல், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உங்கள் மகனைப் பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் தகராறு ஆகும். அவன் கேட்டால் வேலை நடக்கும்.

மின்னஞ்சல் விஷயமும் இதே கதைதான். பேட்ஜ் வேலையைச் சொல்லிக்கொடுத்துக் கையெழுத்திடுகிற கவுன்சிலருக்கோ ஸ்கவுட்மாஸ்டருக்கோ அவன்தான் எழுத வேண்டும். சிறுவர் பாதுகாப்பு விதிப்படி பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது, அதனால் உங்கள் முகவரியும் அதில் இருக்கும். பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் உங்கள் பங்கு. நான்கு நாளாகப் பதில் வராதபோது விரல் அரிக்கும், எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லலாம், அவருக்கு எழுதாதீர்கள். பிள்ளைகள் முதலில் எழுதுகிற மெயில்கள் வாட்ஸ்அப் செய்தி மாதிரிதான் இருக்கும். ஒரு வருடத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கிற ஆள் மாதிரி எழுதுவார்கள். பல குடும்பங்களுக்கு ஈகிளில் கிடைத்த உருப்படியான லாபம் இதுதான் என்பேன்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. படிவங்கள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் தேதிக் குழப்பம். பேட்ஜ் வாங்கிய தேதி கவுன்சில் பதிவில் ஒன்றும் உங்கள் அட்டையில் ஒன்றும் இருக்கும். லைஃப் வந்த வாரமே பதிவை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சிபாரிசு சொல்கிறவர்கள் பட்டியலில் பெற்றோர், ஆசிரியர், மதம் சார்ந்தவர் என்றெல்லாம் இடம் இருக்கும். மதம் சார்ந்தவர் என்ற இடத்தைப் பார்த்து நம்மவர்கள் குழம்புகிறார்கள். கோயிலோடு தொடர்பு இருந்தால் அங்கே அவனைத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் போடலாம். எந்த மத அமைப்போடும் தொடர்பில்லாத குடும்பம் என்றால் பெற்றோரே அதற்கும் எழுதலாம். கடிதங்களைத் துரத்திப் பிடிப்பது பிள்ளையின் வேலை அல்ல.

போர்டு ஆஃப் ரிவ்யூவில் 3 முதல் 6 பேர் வரை உட்காருவார்கள். பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது, பார்வையாளராகக்கூட. அது மறுதேர்வு இல்லை, முடிச்சுப் போடச் சொல்லிச் சோதிக்க மாட்டார்கள். பிராஜெக்டில் எது சொதப்பியது, அப்போது என்ன செய்தாய் என்பது மாதிரிதான் பேச்சு போகும். தானே செய்தவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும். மனப்பாடம் செய்யவைத்து அனுப்பாதீர்கள், முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

காலேஜுக்காக என்று எழுதியிருந்தீர்கள். விண்ணப்பத்தில் ஒரு வரி வரும், மறுக்கவில்லை. ராணுவத்தில் சேருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு படி மேலே ஊதிய நிலை கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் பதினாறு வயதுப் பையனை இரண்டு வருடம் ஓட வைக்கிற அளவுக்கு அந்த ஒரு வரிக்குத் தெம்பு இல்லை. ட்ரூப்பில் அவனுக்கு நண்பர்கள் இருந்தால் ஓடுவான். இல்லாவிட்டால் நீங்கள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உண்மையிலேயே அவனுக்கு விருப்பம் இல்லை என்றால் லைஃப் ஸ்கவுட்டாக நிறுத்திக்கொள்வதில் ஒரு கேவலமும் இல்லை. இதை ஈகிள் வழிகாட்டி சொல்லலாமா என்று கேட்பார்கள். நான் சொல்கிறேன்.

தங்கையைப் பற்றியும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2019 பிப்ரவரியிலிருந்து பெண் பிள்ளைகளும் இதே பாதையில் வரலாம், இதே விதிகள்தான், ஒரு தளர்வும் இல்லை. 11 வயதில் சேர்ந்தால் இந்த மாதக் கணக்கு எதுவும் அவளுக்கு நெருக்கடியாக இருக்காது.

உங்கள் மகனுக்கு இப்போதைக்கு வேலை இரண்டுதான். ஸ்கவுட்மாஸ்டரிடம் நேரம் கேட்டு, ஸ்டாருக்கு என்ன பாக்கி என்று அவனே உட்கார்ந்து பேசட்டும். அந்த 12 வாரம், 13 வாரம், 90 நாள் பேட்ஜ்களுக்குக் கவுன்சிலர் பெயர் வாங்கிக்கொண்டு வரட்டும். வண்டியில் காத்திருங்கள், உள்ளே போகாதீர்கள்.