மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் கேள்வி பதில்: டெட்லைன், ஃபினிஷ், ஆக்சுவல் ஃபினிஷ்

கேள்வி: சார், பிளம்பிங் வேலை மார்ச் 20க்குள் முடிய வேண்டும் என்றார் கிளையண்ட். ஃபினிஷ் கட்டத்தில் அந்தத் தேதியை அடித்தேன். முந்தைய வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது, ஆனால் பிளம்பிங் முன்னால் நகரவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஃபினிஷ் கட்டத்தில் தேதி அடித்ததுமே, வேலைகளுக்குத் தேதி திட்டமிடும் இந்த ப்ராஜெக்ட் மென்பொருள் அதை 'ஃபினிஷ் நோ எர்லியர் தேன்' என்ற கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ளும். மார்ச் 20க்கு முன்னால் முடிக்காதே என்று அர்த்தம். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! டாஸ்க்கை டபுள் கிளிக் செய்து அட்வான்ஸ்டு பகுதிக்குப் போங்கள். கட்டுப்பாட்டை 'ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள்' (முடிந்தவரை சீக்கிரம்) என்று மாற்றிவிட்டு, அங்கேயே உள்ள டெட்லைன் கட்டத்தில் மார்ச் 20 என்று போடுங்கள். வேலைகளைப் பட்டைகளாகக் காட்டும் காண்ட் சார்ட்டில் ஒரு பச்சை அம்பு வரும். ஃபினிஷ் அதைத் தாண்டினால் இண்டிகேட்டர் பகுதியில் சிவப்பு அடையாளம் வரும். கிளையண்ட் கேட்கும் தேதிக்கு இடம் டெட்லைன். ஃபினிஷ் என்பது மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும் தேதி, அதில் நாம் கை வைக்கக் கூடாது.

கேள்வி: அதற்கு 'மஸ்ட் ஃபினிஷ் ஆன்' (இந்தத் தேதியில்தான் முடிய வேண்டும்) என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் போதாதா?

பதில்: வேண்டாம். முந்தைய வேலை பத்து நாள் தாமதமானாலும் இந்த வேலை அதே தேதியில் நிற்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். டெட்லைன் வேலையைக் கட்டிப்போடாது, ஆனால் ஸ்லாக் கணக்கில் சேரும். ஸ்லாக் என்பது ஒரு வேலை எத்தனை நாள் தள்ளிப்போகலாம் என்ற இடைவெளி. டோட்டல் ஸ்லாக் மைனஸ் 3 நாள் என்று காட்டினால், அந்தச் சங்கிலியில் எங்காவது 3 நாளைக் குறைத்தாக வேண்டும்.

கேள்வி: 12ஆம் தேதி முடிய வேண்டிய வேலை 17ஆம் தேதிதான் முடிந்தது. 100 சதவீதம் என்று போட்டேன். ரிப்போர்ட்டில் 12ஆம் தேதியே முடிந்ததாக வருகிறதே?

பதில்: பல ஷெட்யூல்கள் பொய் சொல்வது இந்த இடத்தில்தான். 100 சதவீதம் போட்டால், ஃபினிஷில் இருக்கும் தேதியை அப்படியே ஆக்சுவல் ஃபினிஷாக, அதாவது உண்மையில் முடிந்த தேதியாக, எழுதிவிடும். நீங்கள் எந்த நாளில் பதிவு செய்தீர்கள் என்று பார்க்காது. டாஸ்க் பகுதியில் 'மார்க் ஆன் டிராக்' பக்கத்து அம்பை அழுத்தி 'அப்டேட் டாஸ்க்ஸ்' திறங்கள். ஆக்சுவல் ஸ்டார்ட், ஆக்சுவல் ஃபினிஷ் இரண்டையும் நீங்களே நிரப்புங்கள். சதவீதம் தானாக 100 ஆகும், பின்னால் வரும் வேலைகளும் 17க்குப் பிறகு நகரும். ஸ்டார்ட்டை விட்டுவிட்டால் திட்டமிட்ட தேதியிலேயே ஆரம்பித்ததாகக் கணக்காகிவிடும்.

இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். தாமதம் பதிவாகாவிட்டால், ஐந்து நாள் குறைவாகக் கிடைத்த அடுத்த ஆள்மீதுதான் பழி விழும். அடுத்த ப்ராஜெக்டுக்கும் அதே தப்பான நாள்கணக்கைத்தான் எடுத்துப் போடுவோம். அதனால் வாராவாரம் சூப்பர்வைசரிடம் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். என்றைக்கு ஆரம்பித்தீர்கள், முடிந்ததா, இல்லையென்றால் இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள்.

கேள்வி: தேதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் முதலில் ஒப்புக்கொண்ட தேதி எதுவென்றே தெரியவில்லை.

பதில்: வேலை தொடங்கும் முன் 'செட் பேஸ்லைன்' செய்ய வேண்டும். முதல் திட்டத்தின் தேதிகளை அப்படியே சேமித்து வைப்பதுதான் பேஸ்லைன். பிறகு ஃபினிஷ் வேரியன்ஸைப் பார்த்தால் எத்தனை நாள் தள்ளிப்போனது என்று தெரியும். தாமதம் ஆகும்போதெல்லாம் அதை அழித்துப் புதிதாகப் போடாதீர்கள். கிளையண்ட் ஒப்புக்கொண்ட திருத்தத்தை பேஸ்லைன் 1இல் வையுங்கள். மொத்தம் 11 பேஸ்லைன் வைக்கலாம்.

கேள்வி: முந்தைய வேலையோடு லிங்க் (இணைப்பு) கொடுத்தும் அடுத்த வேலை நகரவில்லை. கட்டுப்பாடும் எதுவும் இல்லை.

பதில்: டாஸ்க் பக்கத்தில் குண்டூசிப் படம் இருக்கிறதா? அப்படியானால் அது மேனுவல் ஷெட்யூல், அதாவது மென்பொருள் தானாகத் தேதியை நகர்த்தாது. 2010 பதிப்பிலிருந்து புது டாஸ்க்குகள் அப்படித்தான் வருகின்றன. 'ஆட்டோ ஷெட்யூல்' ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: கான்கிரீட் கியூரிங் (ஈரம் காத்து இறுக விடுவது) 7 நாள் போட்டால் 9 நாள் ஆகிறது.

பதில்: ஸ்டாண்டர்டு காலண்டரில் சனி, ஞாயிறு விடுமுறை. ஆனால் கான்கிரீட்டுக்கு ஏது விடுமுறை? டியூரேஷன் (கால அளவு) கட்டத்தில் 7 என்ற எண்ணோடு ஆங்கில 'ஈ', 'டி' எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள், தொடர்ந்து 7 முழு நாளாக எண்ணும். சைட்டில் சனிக்கிழமையும் வேலை நடந்தால் 'சேஞ்ச் ஒர்க்கிங் டைம்' போய் அதையும் வேலை நாளாக்குங்கள். மற்ற டாஸ்க்குகளின் ஃபினிஷ் தேதியும் அப்போது மாறும்.