டிஎஃப்ஐ 32 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, நேராக இக்ஸிக்குப் போக வேண்டுமா?

உங்கள் கேள்வியில் இருப்பது இரண்டே தகவல்: கணவருக்கு செமன் அனாலிசிஸ் (விந்துப் பரிசோதனை) நார்மல், டிஎஃப்ஐ 32. இதை வைத்து உடனே இக்ஸி, அதாவது ஒரு விந்தணுவை லேபில் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் சிகிச்சை, என்று முடிவெடுப்பது அவசரம். முதலில் ரிப்போர்ட்டை எடுத்து, எந்த முறையில் சோதித்தார்கள் என்று பாருங்கள்.

டிஎஃப்ஐ என்பது நூறு விந்தணுவில் எத்தனையில் டிஎன்ஏ இழை முறிந்திருக்கிறது என்ற கணக்கு. உங்கள் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்துவிட்டது என்றோ, குழந்தைக்கு அந்த அளவு குறை வரும் என்றோ அதற்கு அர்த்தம் கிடையாது. ஓரளவு முறிவைக் கருமுட்டையே சரிசெய்யும், வயது ஏற ஏற அந்தத் திறன் குறையும். அதனால்தான் மனைவியின் வயதைக் கேட்காமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது.

15-க்குக் கீழே நல்லது, 30-க்கு மேலே அதிகம் என்று எல்லோரும் சொல்கிற எல்லை எஸ்சிஎஸ்ஏ முறைக்கு உரியது. அதில் விந்தணுவை அமிலத்தில் வைத்து ஆக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஆயிரக்கணக்கில் எண்ணுவார்கள். முழு இழை பச்சையாகவும் பிரிந்த இழை சிவப்பாகவும் ஒளிரும். எஸ்சிடி எனப்படும் ஹேலோ முறை வேறு. முறியாத டிஎன்ஏ தலையைச் சுற்றி வட்டமாக விரியும், முறிந்ததில் வட்டம் இருக்காது அல்லது மிகச் சிறிதாக இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் 300 முதல் 500 வரை எண்ணுவதால், எண்ணுகிறவர் மாறினாலே சில புள்ளி மாறும். ட்யூனெல், காமெட் முறைகளுக்கு எல்லைகளே வேறு. ஒரு லேபின் 32-ஐ இன்னொரு லேபின் 24-உடன் ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை.

அடுத்தது, மாதிரி கொடுத்த விதம். விந்து வெளியேறாமல் எத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகு கொடுத்தார்? பத்து நாள் என்றால் எண் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் எபிடிடிமிஸில் (விரையை ஒட்டி விந்தணு தங்கும் குழாய்) காத்துக் கிடக்கும் விந்தணு ஆக்சிஜனேற்றத்தால் அங்கேயே சேதமாகிறது. முந்தைய மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்ததா? வீட்டில் எடுத்து, வெயிலில் கொண்டுபோய், தாமதமாகக் கொடுத்தார்களா? முறையின் பெயரும் இடைவெளி நாளும் இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் லேப்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இரண்டு வரி எழுத என்ன தடை?

மருத்துவரை எதிர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனைவிக்கு முட்டையின் இருப்பு குறைவு, வயது 38-ஐத் தாண்டிவிட்டது என்றால் காத்திருக்காமல் இக்ஸிக்குப் போகச் சொல்வது நியாயமே. அப்படி இல்லையென்றால் காரணத்தைத் தேட நேரம் இருக்கிறது. யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண் மலட்டுத்தன்மை மருத்துவர்) கணவரை நிற்கவைத்துக் கையால் பரிசோதித்து வெரிகோசில், அதாவது விரைப்பையில் நரம்பு (சிரை) வீக்கம், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விந்தில் வெள்ளையணு ஒரு மில்லிக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை, புகை, உலைக்களம் போன்ற சூட்டில் வேலை, இவற்றையும் கேட்க வேண்டும். கையில் தட்டுப்படும் வெரிகோசிலுக்கு அறுவை செய்தால் டிஎஃப்ஐ குறைவது பல ஆய்வுகளில் தெரிந்தது.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரும் பாதைக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே மறுசோதனை மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே முறையில், விந்து வெளியேறாமல் இரண்டு நாள் இடைவெளி விட்டு. முதல் தடவை ஏழெட்டு நாள் இடைவெளி என்றால், இறங்கியதில் எவ்வளவு சிகிச்சையால், எவ்வளவு இடைவெளியால் என்று பிரிக்க முடியாது. அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பார்கள். 2020-இல் வெளியான அமெரிக்காவின் மாக்ஸி ஆய்வில் மூன்று மாதம் கொடுத்தும் டிஎன்ஏ முறிவு குறையவில்லை. விலை உயர்ந்த பேக்கேஜாகத் தந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

அதே 2020-இல் வந்த அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல், டிஎஃப்ஐ சோதனையை முதல் கட்டத்திலேயே செய்ய வேண்டாம் என்கிறது. கரு திரும்பத் திரும்பக் கலைந்தவர்களுக்கே அதன் பயன் அதிகம். உங்களுக்குக் கரு கலைந்திருந்தால் அதைக் கேள்வியில் சேர்த்து எழுதுங்கள், என் பதில் மாறும். விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுத்து இக்ஸி செய்வது, மற்ற வழிகள் பலிக்காத பிறகு மட்டும்.