தோழிகளோடு ஓவியக்கூடம் போறீங்களா? ஒரு மணி நேரம் போதும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது கிளம்பிவிடுவோம். இந்தத் தடவை கோயம்புத்தூரில் ஓவியக் கண்காட்சி பார்க்கலாம் என்கிறாள் எங்களில் படம் வரைகிற ஒருத்தி. போன வருடமும் அவளுக்காக ஒருமுறை போனோம். இருபது நிமிடத்தில் மொத்தத்தையும் சுற்றி, செல்ஃபி எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிட்டோம், அவள் முகம் வாடிவிட்டது. எங்களுக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி எப்படிப் பார்ப்பது?

ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லாதீங்க அம்மணி. பையர் கொடுத்த துணித்துண்டையும் டையிங்கிலிருந்து மாதிரிக்குச் சாயம் போட்டு வந்த லேப் டிப் துண்டையும் லைட் பாக்ஸுக்குள் அக்கம்பக்கமாக வைத்து, பகல் வெளிச்சம் மாதிரியான டி65-இல் சரியாக இருக்கிறது, கடை விளக்கு மாதிரியான டிஎல்84 போட்டால் சிவப்படிக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கண் உங்களுடையது. அந்தக் கண்ணைப் பழக்கத்தான் ஓவியக் கல்லூரியில் பிள்ளைகள் வருடக்கணக்காகப் பாடுபடுகிறார்கள். உங்களிடம் அது இருக்கிறது, வேலை நேரத்தில் மட்டும் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான். பல வருடமாகக் கூட்டங்களை ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டிக்கொண்டிருக்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன், துணியோடு பழகினவர்கள் நின்று பார்ப்பதும் மற்றவர்கள் பார்ப்பதும் வேறுதான்.

போன தடவை இருபது நிமிடத்தில் முடிந்ததற்கும் உங்கள் யார் மேலும் தப்பில்லை. நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு படத்தின் முன்னால் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தார்கள், 2001-இல் அது வெளியானது. சராசரி 27 வினாடி. அதிலும் பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள், பெயர்ப்பலகை படித்த நேரத்தையும் சேர்த்து. உலகப் புகழ் ஓவியங்களுக்கே அந்தக் கதி. அப்புறம் அருங்காட்சியகக் களைப்பு என்று ஒன்று இருக்கிறது, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே எழுதிவிட்டார், குனிந்தும் எக்கியும் கழுத்தைத் திருப்பியும் பார்க்க வைத்தால் உடம்பு சோர்ந்து மனசும் விட்டுப்போகும் என்று படம் பிடித்துக் காட்டினார். ஆகவே எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்கிற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாங்க. ஒரு மணி நேரம், ஆறு பேருக்கு ஆறு படம். அது போதும்.

எப்படி என்றால், உள்ளே நுழைந்ததும் ஆறு பேரும் பிரிந்துவிட வேண்டும். பேச்சு வேண்டாம், பலகை படிக்க வேண்டாம், எதன் முன்னாலும் நிற்கவும் வேண்டாம், கல்யாண மண்டபத்தில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்போமே, அந்த மாதிரி மொத்தக் கூடத்தையும் ஒரு சுற்று. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஏதாவது ஒரு படம் திரும்பிப் பார்க்க வைக்கும். அழகாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, எரிச்சலைக் கிளப்பினாலும் சரி. அதுதான் உங்கள் படம். பிறகு ஆறு பேரும் சேர்ந்து ஒவ்வொருத்தியின் படத்துக்கு முன்னாலும் ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். தேர்ந்தெடுத்தவள் விளக்கம் சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கவேண்டும். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? இந்த மூன்று கேள்வியும் என்னுடையதில்லை, அபிகெயில் ஹவுசன் என்கிற உளவியலாளரும் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பிலிப் எனவைனும் சேர்ந்து உருவாக்கின முறை, பள்ளிப் பிள்ளைகளிலிருந்து மருத்துவக் கல்லூரி மாணவர்கள் வரை இதை வைத்துப் பழகுகிறார்கள். இரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீங்க. சோகமாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், எதைப் பார்த்து என்று கேட்டதும் அவள் மறுபடி படத்துக்குள் போய்த் தேடியே ஆகவேண்டும்.

ஒரு முறை ஒரு சந்தைக் காட்சியின் முன்னால் இப்படி நின்றோம், நீர்வண்ண ஓவியம். மஞ்சள் வெயில், நான்கைந்து கூடைக்காரிகள், பின்னால் ஒரு வேப்பமரம். அந்த மஞ்சளையும் மரத்தின் நீலப் பச்சையையும் நான் அதற்கு முன் நாலைந்து தடவை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். கூட வந்தவர்களில் புளியம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் ஒருவர், அதுவரை வாயே திறக்கவில்லை. மெதுவாகச் சொன்னார், "ஏனுங்க, நெழலு காலுக்கடியிலயே கெடக்குது பாருங்க, உச்சி நேரம். சந்தை கலையற நேரத்துல அந்தம்மா கூடை மட்டும் நெறஞ்சு இருக்குதுங்க." எல்லோரும் குனிந்து பார்த்தோம். மற்ற கூடைகள் எல்லாம் காலி, அடிப்பிரம்பு தெரிகிறது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கூடையில் மட்டும் தக்காளி குவிந்து கிடந்தது. அந்தச் சிவப்பை வண்ணச் சமநிலைக்காக வைத்திருக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அந்தப் படத்தின் முன் இருபது நிமிடம் நின்றோம், யாரும் கிளம்பச் சொல்லவில்லை.

இனி பக்கத்தில் போய்ப் பார்க்கும் விஷயம். ஒரு படத்தை மூன்று தூரத்தில் பார்க்கவேண்டும். முதலில் எட்டடி தள்ளி, அப்புறம் கை நீட்டினால் தொடாத தூரத்தில், கடைசியாகப் பக்கவாட்டில் நின்று சாய்வாக. எண்ணெய் வண்ணம் என்றால் சாய்வாகப் பார்க்கும்போது தூரிகை போன தடம் வரப்பு மாதிரி எழும்பித் தெரியும், எங்கே வேகமாக இழுத்திருக்கிறார், எங்கே தயங்கித் தயங்கி வைத்திருக்கிறார் என்பது அதில் இருக்கிறது. நீர்வண்ணத்தில் வெள்ளையாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் வண்ணமே படாத காகிதம்தான், அந்த வெள்ளையை விட்டுவைக்க வேண்டும் என்று ஓவியர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும், பிறகு திருத்துவது கஷ்டம். அந்தக் காகிதத்தையும் ஜிஎஸ்எம்-இல்தான், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்றுதான் சொல்வார்கள். டி-ஷர்ட் துணிக்கு 180 என்று பேசுகிற உங்களுக்கு நீர்வண்ணக் காகிதம் 300 ஜிஎஸ்எம் என்றால் அதன் கனம் கையிலேயே தெரிந்துவிடும். பெயர்ப்பலகையில் அளவு போட்டிருந்தால் வழக்கமாக உயரம் முதலில், அகலம் இரண்டாவது.

உள்ளே ஏன் சில இடத்தில் மங்கலாக இருக்கிறது, ஏன் பிளாஷ் அடிக்கக்கூடாது என்கிறார்கள் என்று பலரும் கேட்பார்கள். உங்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லலாம்: லைட் ஃபாஸ்ட்னஸ், அதாவது வெளிச்சத்தில் சாயம் வெளுக்காமல் நிற்கிற தன்மை. சாயத் துணியை லேபில் ப்ளூ வூல் 1 முதல் 8 வரை வைத்து ஒப்பிடுகிறார்களே, அதே நீலக் கம்பளி அட்டையைத்தான் அருங்காட்சியகத்திலும் வெளிச்சம் எவ்வளவு வெளுக்க வைக்கிறது என்று கண்டுபிடிக்க வைப்பார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. துணிக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது பழைய கணக்கு. செக்கிங் டேபிள் மேல் எரிகிற வெளிச்சத்தோடு பார்த்தால் ஐம்பது ஒன்றுமே இல்லை. நுழைந்தவுடன் இருட்டாகத் தோன்றும், ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும், அதுவரை எந்த முடிவுக்கும் வரவேண்டாம். தொடாதீர்கள் என்பதும் வெறும் கண்டிப்பு இல்லை, கை வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெயும் வெண்கலத்தில் கூடக் கறை பிடிக்கும்.

எங்கே போவது? திருப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழியிலேயே, அவிநாசி ரோட்டிலேயே கஸ்தூரி சீனிவாசன் ஓவியக்கூடம் இருக்கிறது. சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். ஜவுளி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் பெயரில் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் இருப்பது நம்ம ஊரில்தான் நடக்கும் என்று எனக்குப் பெருமை உண்டு. உங்கள் கூட்டத்துக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். படம் வரைகிற தோழிக்கு நேரம் இருந்தால் காஸ் வன அருங்காட்சியகம், 1902-இல் திறந்தது, காட்டிலாகா அதிகாரி எச்.ஏ. காஸ் பெயரில் இருக்கிறது. அங்கே ஓவியம் பார்க்கப் போவதில்லை, வரையப் போகலாம். மரத்துண்டுகளின் ரேகையும் பாடம் செய்த விலங்குகளும் அசையாமல் காத்திருக்கும், உயிரோடு இருக்கிற காட்டெருமை அப்படி நிற்குமா? எங்கே வரைந்தாலும் பென்சில் மட்டும், பேனா வேண்டாம், மை தெறித்தால் போகாது.

கிளம்பும் முன் போன் பண்ணிக் கேட்டுவிடுங்க, இதை அலட்சியப்படுத்தாதீங்க. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாம் சனியும் சேர்த்து. தனியார் கூடங்களில் ஞாயிறு திறந்திருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. தவிர ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை மாட்டுகிற நாட்களில் சுவர் வெறுமையாக இருக்கும். வெளியூரில் ஒரு அருங்காட்சியகத்துக்கு எட்டுப் பேரை வேன் பிடித்துக் கூட்டிப்போய்ப் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது, அன்று இரண்டாம் சனி. அதில் ஒரு பாட்டி, தன் வயதில் முதல் தடவையாக அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்.

கண்காட்சியில் பல நேரம் ஓவியர் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கூச்சப்படாமல் பேசுங்க. இதை வரைய எத்தனை நாள் ஆச்சு என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் எந்த மூலையில் ஆரம்பித்தீர்கள் என்று கேளுங்க, ஆள் எழுந்து வந்து விரல் நீட்டிக் காட்டுவார். படத்தின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுப்போச்சு என்று அர்த்தம். விலை கேட்பது தப்பில்லை, வாங்கவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

செல்ஃபி எடுக்கிறவர்களைத் தடுக்க வேண்டாம். கடைசி பத்து நிமிடம் அதற்கென்று விட்டுவிடுங்க, அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு. முதுகைப் படத்துக்குக் காட்டிப் பின்னால் நகர்வதுதான் ஆபத்து, ஒருத்தி எதிரில் நின்று எடுத்துக் கொடுக்கட்டும். தோளில் தொங்குகிற பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்க.

சாப்பாடு விஷயம், போவதற்கு முன்னாலேயே வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு போங்க. பசியோடு பார்த்தால் மூன்றாவது படத்திலேயே பேச்சு பிரியாணிக்குப் போய்விடும். பார்த்து முடித்ததும் அன்னபூர்ணாவில் உட்கார்ந்து காபி சொல்லிவிட்டு, ஆறு பேரும் போனை எடுக்காமல் ஒரு காகிதத்தில் தன் படத்தை நினைவிலிருந்து கிறுக்கிப் பாருங்க. கோடு கோணலாக வரும். வரட்டும். எது ஞாபகம் இருக்கிறது, எது நழுவிப்போச்சு என்பது தெரியும், அதைப் பற்றித்தான் அன்றைக்கு அதிகம் பேசுவீர்கள்.

மதியத்துக்கு மேல் உடம்பில் தெம்பு இருந்தால் கோயம்புத்தூர்ப் பக்கத்திலேயே இருக்கிற பேரூர். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபம், 17-ஆம் நூற்றாண்டில் அழகாத்ரி நாயக்கர் கட்டியது, நம்ம கொங்கு நாட்டில் கல்லில் இருக்கிற மிகப் பெரிய கலைக்கூடம் என்று நான் நினைக்கிறேன். மதியம் நடை சாத்தியிருக்கும், மாலை திறந்ததும் கூட்டம் சேரும் முன் போய்விடுங்க. அங்கேயும் எல்லாத் தூணையும் பார்க்காதீங்க, கஜசம்ஹார மூர்த்தி ஒன்று போதும். யானையைக் கொன்று அதன் தோலை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து நிற்கிறார். அந்தத் தோலைக் கொஞ்ச நேரம் பாருங்க, கருங்கல், ஆனால் துணி மாதிரி விரிந்து நிற்கிறது. தினமும் துணி விழுகிற விதத்தைப் பார்க்கிறவர்கள் நீங்கள், அது எந்த இடத்தில் இழுபடுகிறது, எந்த இடத்தில் தளர்ந்து விழுகிறது என்று என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். அப்புறம் அண்ணாந்து பாருங்க, கூரையில் கல் தாமரையும் கல் சங்கிலியும் தொங்கும்.

போன தடவை முகம் வாடின தோழி இருக்கிறாரே, அவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவையுங்க: அன்றைக்கு அவர் டீச்சர் வேலை பார்க்கவேண்டாம். அவர் படம் கடைசியாக வரட்டும். மற்ற ஐந்து பேரும் முக்கால் மணி நேரமாகப் பார்த்துப் பழகின கண்ணோடு அதன் முன்னால் போய் நின்று, "இதுல என்னடீ நடக்குது?" என்று அவரிடம் கேட்காமல் தங்களுக்குள்ளேயே பேச ஆரம்பிக்கட்டும். அவர் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும்.