புதிய மடிக்கணினியில் பழைய மவுஸ்

கேள்வி: புதிதாக வாங்கிய மடிக்கணினியில், பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் வயருள்ள மவுஸைச் செருக இடமே இல்லை, சிறிய நீள்வட்டத் துளைகள் இரண்டு மட்டுமே உள்ளன. வேறு மவுஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கைக்குப் பழகிய மவுஸை இதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். தாங்கள் குறிப்பிடும் துளை 2014-இல் அறிமுகமான யூ.எஸ்.பி. டைப்-சி, தங்கள் மவுஸின் முனையோ செவ்வக வடிவிலான டைப்-ஏ. ஒருபுறம் டைப்-சி முனையும் மறுபுறம் டைப்-ஏ துளையும் கொண்ட சிறிய அடாப்டரை இடையில் பொருத்தினால் போதும். மவுஸ், கீபோர்டு போன்றவை பொதுவான ஒரே நெறிமுறையைப் பின்பற்றுவதால், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவாயினும், தனி மென்பொருள் ஏதும் நிறுவாமலேயே சில நொடிகளில் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

தட்டச்சு செய்கையில் உள்ளங்கை டச்பேடில் பட்டுக் கர்சர் இடம்மாறுவது பலருக்கும் பெரும் தொல்லை. விண்டோஸ் 11-இல், செட்டிங்ஸின் டச்பேடு பகுதியில், மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேடு தானாக அணைந்திருக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

பின்னாளில் வயரில்லா மவுஸ் வாங்குவதாயின், துளைகள் குறைந்த தங்கள் கணினிக்கு, ரிசீவர் தேவைப்படாத புளூடூத் வகையே ஏற்றது என்பது என் கருத்து.