குனுங்கிடுல் மாவட்டம்: நிலமும் நிர்வாகமும் – கேள்வி பதில்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா சிறப்பு மாகாணத்தைச் சேர்ந்த குனுங்கிடுல் மாவட்டத்தைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: இம்மாவட்டம் எங்கே உள்ளது? எவ்வளவு பெரியது?

ஜாவாத் தீவின் தென்கரையில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி, மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ளது. தலைநகர் வோனோசாரி, யோக்யகர்த்தா நகரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,485 சதுர கி.மீ.; மாகாணப் பரப்பில் கிட்டத்தட்ட பாதி. மக்களோ சுமார் ஏழரை லட்சம் பேர்தான், அதாவது மாகாண மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. ஜாவா போன்ற நெரிசல் மிகுந்த தீவில் இப்படி ஒரு விகிதம் இருப்பதற்கு அடுத்த கேள்வியே விடை சொல்லும்.

கேள்வி: ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. மழை பெய்யும் இடத்தில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்ப்பது எப்படி நேர்கிறது?

மாவட்டம் முழுவதும் அப்படியில்லை. வடக்கே பாத்தூர் அகுங் மலைத்தொடரில் எரிமலைப் பாறைகள், நடுவே வோனோசாரியைச் சூழ்ந்த தாழ்ந்த சமவெளி, தெற்கே 'குனுங் சேவு' என்னும் சுண்ணாம்புக் குன்றுகள் என மூன்று பட்டைகளாக நிலம் பிரிகிறது. நடுப் பட்டையில் கிணறு தோண்டினால் நீர் கிடைக்கும். தெற்கில்தான் சிக்கல். அங்கே மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துத் துளைகளும் குகைகளும் ஆக்கியிருப்பதால், பெய்த நீர் ஓடையாக ஓடாமல் நேரே கீழே இறங்கிவிடுகிறது. நீர் இல்லாத ஊர் என்பதைவிட, நீர் காலுக்கு நூறு மீட்டர் கீழே ஓடும் ஊர் என்பதே பொருத்தம். பாரோன் கடற்கரைக்குச் சென்றால் இதைக் கண்ணாரக் காணலாம்: நிலத்தடி ஆறு ஒன்று பாறையடியிலிருந்து வெளிப்பட்டு, கரை மணலைக் கடந்து கடலில் கலக்கிறது. மேட்டில் ஒரு குடத்துக்குத் தவிக்கும் ஊர்களின் நீர், கீழே இப்படி உப்போடு சேர்கிறது.

இந்த நீரை மேலே கொணரப் பல முயற்சிகள் நடந்தன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது பிரிபின் குகையாறு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹெ பல்கலைக்கழகப் பொறியாளர்களின் துணையோடு, ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்துத் துளையிட்டு, குகைக்குள்ளேயே ஆற்றை மறித்து அணை கட்டினர். தேங்கிய நீரின் விசையே இயந்திரத்தைச் சுழற்றி, அந்நீரில் ஒரு பகுதியை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும்படி அது அமைக்கப்பட்டது. 2010-இல் அது திறந்துவைக்கப்பட்டது. குழாய் எட்டாத வீடுகளில் இன்றும் கூரைநீரைப் பிடிக்கும் சிமெண்டுத் தொட்டிதான் கைகொடுக்கிறது. 'தெலாகா' எனப்படும் இயற்கைக் குட்டைகளும் உண்டு; அவற்றின் அடியில் படிந்த களிமண்தான் நீரைத் தாங்குகிறது. ஆழப்படுத்துகிறோம் என்று அந்த மண்ணைத் தோண்டிவிட்டு, நீர் முழுவதும் பாறைக்குள் இறங்கிவிட்டதைப் பார்த்து நின்ற ஊர்களும் உண்டு.

கேள்வி: சாடெங் கடற்கரையருகே ஆறில்லாத ஆற்றுப் பள்ளத்தாக்கு இருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். பழைய பெங்காவான் சோலோ ஆறு அவ்வழியே தெற்கு நோக்கிக் கடலில் விழுந்தது. ஜாவாவின் தென்பகுதி நிலம் மெல்ல உயர்ந்ததால் ஆறு திசைமாறி, இன்று வடக்கே ஜாவாக் கடலைச் சேர்கிறது. வறண்ட பள்ளத்தாக்கு மட்டும் எஞ்சியது. அதன் முகத்துவாரத்தில் இப்போது மீன்பிடித் துறைமுகம் உள்ளது. குனுங் சேவு நிலப்பகுதி 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

கேள்வி: நிர்வாக அடுக்குகளின் பெயர்கள் குழப்புகின்றன. தெளிவாக விளக்க முடியுமா?

மாவட்டம் 'கபுபாத்தேன்', அதன் தலைவர் 'புபாத்தி', நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுபவர். இச்சொல் வேறொன்றுமில்லை, நம் 'பூபதி'தான். வடமொழியிலிருந்து அங்கும் சென்றிருக்கிறது. அடுத்த அடுக்கு 18 வட்டங்கள். நாட்டின் பிற பகுதிகளில் 'கெச்சமாத்தான்' எனப்படும் இவ்வடுக்கு, யோக்யகர்த்தாவின் மாவட்டங்களில் பழைய அரசவைப் பெயரை மீட்டுக்கொண்டு 'கபானேவோன்' ஆகியுள்ளது. தலைவர் 'பானேவு', இவர் தேர்ந்தெடுக்கப்படுபவரல்லர், புபாத்தியால் நியமிக்கப்படும் அரசு அலுவலர். ஜாவா மொழியில் 'சேவு' என்றால் ஆயிரம். ஆயிரவர்க்குத் தலைவன் பானேவு; ஆயிரம் குன்றுகள் குனுங் சேவு. மூன்றாம் அடுக்கு 144 ஊராட்சிகள். அவற்றுக்கும் கீழே 'படுகுஹான்' எனப்படும் குக்கிராமங்கள் 1,400-க்கு மேல் உள்ளன.

கேள்வி: கெலுராஹான், கலுராஹான் இரண்டும் ஒன்றா?

ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு, ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு. கெலுராஹான் என்பது நகரப் பகுதியின் நிர்வாகப் பிரிவு; அதன் தலைவரான 'லுராஹ்' நியமிக்கப்படும் அரசு ஊழியர். கலுராஹான் என்பது யோக்யகர்த்தாவில் கிராமத்துக்கு, அதாவது பிற இடங்களில் 'தேசா' எனப்படுவதற்கு, வழங்கும் பெயர். அதன் லுராஹ் மக்கள் வாக்கால் வருபவர். 2024-இல் திருத்தப்பட்ட கிராமச் சட்டப்படி பதவிக்காலம் எட்டு ஆண்டுகள், அதிகபட்சம் இருமுறை. குனுங்கிடுலின் 144-உம் இவ்வகையே. கட்டுரைகளில் 'லுராஹ்' என்ற சொல்லை மட்டும் பார்த்து 'வட்டார அதிகாரி' என்று எழுதிவிடுவது அடிக்கடி காணும் பிழை.

லுராஹுக்கும் உதவியாளர்களுக்கும் ஊதியத்தோடு கூடவே, பதவியிலிருக்கும் வரை பயன்படுத்திக்கொள்ள 'பெலுங்குஹ்' எனும் நிலமும் உண்டு. ஓய்வுபெற்றவர்க்கு ஒதுக்கப்படும் நிலம் 'பெங்காரெம்-ஆரெம்'. நம் பழைய மானிய நிலங்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உதவியாளர் பதவிகளில் 'உலு-உலு' என்பது ஒன்று. முற்காலத்தில் வாய்க்கால் நீரைப் பங்கிட்டவரின் பெயர் அது. இன்று ஊரின் மேம்பாட்டுப் பணிகளைக் கவனிப்பவரைக் குறிக்கிறது. வாய்க்காலே இல்லாத சுண்ணாம்பு மேட்டிலும் ஓர் உலு-உலு இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

கேள்வி: ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அம்மக்களுக்கு இல்லையா?

இல்லை. 2012-ஆம் ஆண்டின் சிறப்புரிமைச் சட்டப்படி யோக்யகர்த்தாவின் சுல்தானே ஆளுநர், அங்குள்ள மற்றோர் அரச மரபின் தலைவரான பாக்கு ஆலம் துணை ஆளுநர். புபாத்தியையும் சட்டமன்றங்களையும் லுராஹையும் தேர்ந்தெடுப்பது மக்களே.

கேள்வி: வறட்சிக் காலத்தில் நீர் லாரியை அனுப்புவது யார்?

மே முதல் அக்டோபர் வரை நீளும் வறட்சியில், முதலில் தொட்டி காலியாவதை அறிபவர் குக்கிராமத் தலைவரான 'டுகுஹ்'. கோரிக்கை அவரிடமிருந்து லுராஹுக்கும், அங்கிருந்து பானேவுக்கும் செல்கிறது. கபானேவோன் தன் நிதியிலிருந்து லாரி அனுப்புவதும் உண்டு, போதாதபோது மாவட்டப் பேரிடர் மேலாண்மை முகமை அனுப்புவதும் உண்டு. லாரி வரும் வரை காத்திராமல், கைப்பணம் கொடுத்துத் தனியார் லாரியை வரவழைக்கும் குடும்பங்கள் பல. மேட்டு ஊர்களுக்கு ஏற்றம் கூடக்கூட ஒரு லாரி நீரின் விலையும் கூடும்.